ஏர்கோன் குழாயில் கலந்த ஹீட்டர் நீர்: செந்தூல் முதியோர் இல்லம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில், இரண்டு மாடிக் கடைவீடு ஒன்றில் முதியோர் இல்லம் ஒன்று நடக்கிறது. கீழ்த்தளத்தில் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் துணி துவைக்கும் இடமும் உள்ளன. மேல்தளத்தில் 18 பேர் தங்கும் கூடம், மூன்று குளியலறைகள், பின்பக்கம் ஒரு சிறிய பயன்பாட்டு அறை. முன்பு ஒவ்வொரு குளியலறையிலும் 3.6 கிலோவாட் மின்சார ஹீட்டர் இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து இருவர் சேர்ந்து குளிப்பாட்டும்போது அதன் ஓட்டம் போதவில்லை. ஆகவே கேஸில் ஓடும் கண்டன்சிங் வகை ஹீட்டர் ஒன்றும் 160 லிட்டர் சேமிப்புத் தொட்டி ஒன்றும் பயன்பாட்டு அறையில் பொருத்தப்பட்டன. கேஸ் தோம்புகள் பின்சந்தில், கம்பி வலைக் கூண்டுக்குள்.

சாதாரண கேஸ் ஹீட்டர் புகையைச் சூடாகவே வெளியே தள்ளிவிடும். கண்டன்சிங் வகையில் இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று உண்டு. அது புகையை ஏறக்குறைய 50 பாகைக்கும் கீழே குளிர்விக்கிறது, அப்போது புகையிலிருக்கும் நீராவி தண்ணீராகிச் சொட்டுகிறது. அதுதான் கண்டன்சேட் நீர். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும். இந்த இல்லத்தில் 50 கிலோ தோம்பு ஒன்று மூன்று வாரம் வருகிறது, அதாவது நாளுக்கு 2.4 கிலோ கேஸ். பிறக்கும் நீர் முழுவதும் ஒடுங்குவதில்லை. தொட்டி ஏற்கெனவே சூடாக இருந்தால் ஹீட்டருக்குள் வரும் தண்ணீரும் சூடாக இருக்கும், ஒடுங்குவது குறையும். பாதிக்குச் சற்று மேல் என்று வைத்தால் நாளுக்கு 2 லிட்டர் அளவு.

பார்வைக்கு அது தெளிந்த நீர். ஆனால் புகையின் கரியமில வாயுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் கரைந்திருக்கும். பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3 முதல் 4 வரை இருப்பது வழக்கம், அதாவது புளித்த மோரைவிடப் புளிப்பு. செம்பு, பித்தளை, கால்வனைஸ் இரும்பு, சிமெண்ட் எல்லாவற்றையும் அது மெல்ல அரிக்கும். பிவிசியை ஒன்றும் செய்யாது.

பொருத்தியபோது நடந்தது

ஹீட்டரின் அடியில் இருந்த வடிகால் முனையிலிருந்து 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய் இழுத்து, கையருகே ஓடிய ஏர்கோன் வடிகால் குழாயில் டி-இணைப்பு போட்டுச் சேர்த்துவிட்டார் பொருத்துநர். அது மேல்கூடத்துக் கூரைக்குள் மறைத்து வைத்த, டக்ட் வழியாகக் காற்று தரும் ஏர்கோனின் குழாய். சமையலறைக் கூரைப் பலகைக்கு மேலே நீளமாக ஓடி, பின்சந்துச் சாக்கடையில் முடிந்தது. இல்லப் பொறுப்பாளர் அப்போதே கேட்டிருக்கிறார். "ஏர்கோன் தண்ணி மாதிரிதான் அக்கா, பயப்பட ஒன்னும் இல்ல" என்பதே பதில்.

சேமிப்புத் தொட்டியில் அழுத்தம் மிஞ்சினால் திறந்து நீரை வெளியே விடும் பிரஷர் ரிலீஃப் வால்வின் குழாயையும் அதே பிவிசியில் சேர்த்திருந்தார்கள். ஒரே குழாயில் மூன்று ஊற்றுகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

ஹீட்டரோடு வந்த டிராப், அதாவது நீரைத் தேக்கிப் புகையைத் தடுக்கும் பாகம், பொருத்தப்படவே இல்லை. அதற்குப் பதிலாக ஏர்கோனுக்குப் போடுவது போல நான்கு எல்போக்களை ஒட்டி ஒரு வளைவு செய்திருந்தார்கள். அதில் நின்ற நீர்ப்பூட்டின் ஆழம் 30 மில்லிமீட்டர். ஏர்கோன் பக்கம் வளைவே கிடையாது.

முதல் அறிகுறிகள்

ஐந்தாவது மாதத்தில் சமையலறைக் கூரைப் பலகையில் பழுப்புக் கறை தெரிந்தது. ஏர்கோன் ஒழுகல் என்று முடிவு செய்து ஏர்கோன்காரரை அழைத்தார்கள். அவர் பின்சந்து முனையில் வெக்யூம் வைத்து உறிஞ்சினார். பாசியும் சளியும் வந்தன, ஒழுகல் நின்றது. ஆறு வாரத்தில் கறை மறுபடி விரிந்தது, மறுபடி உறிஞ்சினார். பலகையைக் கழற்றிய அன்று, கீழே ஓடிய செம்புக் குழாயில் பச்சை பூத்திருப்பதை அவரும் கண்டார். ஈரத்தால் வந்தது என்று துடைத்துவிட்டார். ஏர்கோன் தண்ணீர் மட்டும் சொட்டினால் செம்பு அப்படிப் பச்சை பிடித்துக் குழி விழாது. அங்கேயே சந்தேகம் எழுந்திருக்க வேண்டும்.

இரண்டாவது முறை உறிஞ்சிய பிறகு, மேல்கூடத்தில் ஏர்கோன் காற்று நேராக விழும் கட்டில்களில் இருந்த மூவர் காலை வேளைகளில் தலைவலி என்றார்கள். ஏர்கோன் குளிர் என்று தைலம் தேய்க்கப்பட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை, எல்லாருக்கும் எண்ணெய்க் குளியலுக்காகச் சுடுநீர் தொடர்ந்து ஓடியது. ஹீட்டர் பிழைக்குறி காட்டி நின்றது. பணியாளர் ரீசெட் பொத்தானை அழுத்தினார், பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. குளியல் முடியும்வரை இப்படியே ஓட்டினார்கள்.

ஆய்வு நாள்

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற எரிவாயுத் தகுதியாளர் ஒருவரும் பிளம்பர் ஒருவரும் வந்தனர். முதல் வேலையாக ஹீட்டரையும் அதன் கேஸ் வால்வையும் மூடினார்கள். மேல்தளத்தில் இருந்தவர்களைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு இறக்கிய பின்பே சோதனை ஓட்டம் நடந்தது. சோதனை நிமித்தம் வழக்கம் போலவே கதவுகளைச் சாத்தி, ஏர்கோனை முழு வேகத்தில் வைத்து, ஹீட்டரை 15 நிமிடம் ஓட்டினார்கள். எரிதல் கெட்டால் பிறக்கும் நச்சு வாயு கார்பன் மோனாக்சைடு. அதை அளக்கும் கையடக்க மீட்டர் ஏர்கோன் காற்றுவாயில் 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு) காட்டியது. புகைக்குழாய்க்குள் 600 பிபிஎம்முக்கு மேல். ஒழுங்காக எரியும் ஹீட்டரில் அது 100க்குள் இருக்க வேண்டும். உடனே நிறுத்தி ஜன்னல்களைத் திறந்தார்கள்.

ஹீட்டரின் அடிமூடியைத் திறந்தபோது வெப்பமாற்றியின் கீழ் மூலையில் தண்ணீர் தேங்கிய கோடு தெரிந்தது. வடிகால் முனையில் பிடித்த நீரின் பிஎச் தாளில் 3.5. சமையலறைக் கூரைக்கு மேலே குழாயின் நடுப்பகுதி 40 மில்லிமீட்டர் தொங்கியிருந்தது. கிளாம்புகளுக்கு இடையே 2 மீட்டர் இடைவெளி. அந்தத் தொங்கலில் சளி அடைத்துக் கிடந்தது, அடுத்த இணைப்பின் பசைக்கோடு வழியாக நீர் கசிந்து செம்புக் குழாய் மீது விழுந்துகொண்டிருந்தது. அந்தச் செம்பில் 600 மில்லிமீட்டர் நீளத்துக்குக் குழிகள்.

ஹீட்டருக்கான உண்மையான டிராப், உறை பிரிக்காமல், சாமான் அறையில் ஹீட்டர் வந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

காரணச் சங்கிலி

குழாய் ஏன் தொங்கியது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பூஸ்டர் பம்ப் வழியாகத் தண்ணீர் வருகிறது, பம்புக்கு அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. 160 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அது சுமார் 2 லிட்டர் விரியும். நான்-ரிட்டர்ன் வால்வு பின்னோக்கி விடாது. விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக் கலன் போடப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு சூடேற்றத்திலும் ரிலீஃப் வால்வு திறந்து வெந்நீரைச் சிந்தியது. சாதாரண பிவிசி 60 பாகையில் இளகத் தொடங்கும், அதற்குத் தாங்கலும் போதவில்லை. தொங்கிய இடத்தில் நீர் நின்றது. ஏர்கோன் தட்டிலிருந்து வரும் தூசியும் பாசியும் அங்கே படிந்தன.

அடைப்பு முற்றும்போது நீர் பின்னேறி ஹீட்டருக்குள் போனது. வெப்பமாற்றியின் ஒரு பகுதி மூழ்கினால் புகை போகும் வழி சுருங்கும், எரிதல் கெடும், கார்பன் மோனாக்சைடு ஏறும். முழுச் சுமையில் இந்த ஹீட்டர் மணிக்கு 3.6 கிலோ கேஸ் எரிக்கும், கண்டன்சேட் மணிக்கு 3 லிட்டரைத் தாண்டும். நாள் முழுதும் சொட்டாகத் தந்த நீரை அரைகுறையாக விட்டுவந்த குழாயால், எண்ணெய்க் குளியல் காலையின் வேகத்தைத் தாங்க முடியவில்லை. ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது சரியான செயல். ரீசெட் அழுத்தியதுதான் தவறு.

புகை கூடத்துக்குள் வந்த வழி வேறு. டிராப்பில் நிற்கும் நீர் புகையைத் தடுக்கும் ஒரு கதவு. அதன் உயரம், அதைத் தள்ளும் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் நீர் ஏறக்குறைய 10 பாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். ஹீட்டர் விசிறி வடிகால் முனையில் 250 பாஸ்கல் தள்ளியது. மறுபக்கம் ஏர்கோன் விசிறி தன் வடிகால் தட்டிலிருந்து காற்றை 150 பாஸ்கலில் உறிஞ்சியது. இரண்டும் ஒரே குழாயில் சேர்ந்ததால் 400 பாஸ்கல், அதாவது 40 மில்லிமீட்டர். இருந்த பூட்டு 30. போதாக்குறைக்கு, வெக்யூம் வைத்து உறிஞ்சிய ஒவ்வொரு முறையும் அந்த 30 மில்லிமீட்டர் நீரும் பாசியோடு சேர்ந்து போயிருக்கும். அடைப்பு இருந்தபோது குழாயில் நின்ற நீரே புகையைத் தடுத்துவந்தது. அடைப்பை எடுத்ததும் புகைக்கு வழி திறந்தது. தலைவலி புகார்கள் இரண்டாவது உறிஞ்சலுக்குப் பின் வந்ததற்கு இதுவே ஏற்ற விளக்கம்.

ஆனால் தலைவலிக்குக் காரணம் இதுதான் என்று உறுதி செய்ய முடியவில்லை. இரத்தத்தில் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு, சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் 4 முதல் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு நாள் கழித்து எடுக்கும் சோதனைக்குப் பயனில்லை.

எடுத்த முடிவுகள்

மாற்று வேலை முடியும்வரை ஹீட்டர் மூடியே இருக்க வேண்டும் என்பது முதல் முடிவு. சமையலறையில் வெந்நீர் காய்ச்சி மாடிக்குத் தூக்கிச் செல்லலாம் என்ற யோசனை கைவிடப்பட்டது, படிக்கட்டில் வெந்நீர் வாளி என்பது வேறொரு விபத்து. கழற்றாமல் விட்டிருந்த இரண்டு மின்சார ஹீட்டர்களை வைத்து, காலை மாலை என்று குளியலைப் பிரித்துக்கொண்டார்கள்.

மூன்று வடிகால்களையும் பிரிப்பது என்பதில் விவாதம் இல்லை. கண்டன்சேட்டை எங்கே விடுவது என்பதில்தான் இருந்தது. பின்சந்துச் சாக்கடை மழைநீர் வடிகால், சுத்திகரிப்பு இல்லாமல் ஆற்றுக்குப் போகும். குளியலறைத் தரையின் வடிகால் வாயான ஃப்ளோர் டிராப் கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்திருந்தால் அதுவே சரியான இடம். பழைய கடைவீடுகளில் இதை ஊகிக்கக் கூடாது. சமையலறைச் சிவப்பு நிறப்பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றிப் பார்த்தார்கள். கழிவுநீர் மேன்ஹோலில் சிவப்பு தெரிந்தது, சாக்கடையில் தெரியவில்லை. ஹீட்டரிலிருந்து அந்த ஃப்ளோர் டிராப் வரை 3.4 மீட்டர், சரிவுக்கு உயரமும் இருந்தது. ஆகவே பம்ப் தேவைப்படவில்லை. பம்ப் வைக்க நேர்ந்தால் அதன் நிரம்பல் சுவிட்சை ஹீட்டரோடு இணைத்து, பம்ப் நின்றால் ஹீட்டரும் நிற்கும்படி செய்ய வேண்டும். அந்த இணைப்பைப் போடாமல் விடுவது வழக்கமாகக் காணும் குறை.

அமிலத்தைத் தணிக்காமல் விடலாமா? நாளுக்கு 2 லிட்டர்தானே, குளியல் நீரில் கலந்துவிடும் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அந்த ஃப்ளோர் டிராப்புக்குக் கீழே பழைய வார்ப்பிரும்புக் குழாய். இரவில் குளியல் நீர் வராது, அமிலச் சொட்டு மட்டும் வரும். மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் பி தரத்துக்கு பிஎச் 5.5 முதல் 9.0 வரை என்று உள்ளது. முதியோர் இல்லம் தொழிற்சாலை அல்லதான், இருந்தும் அந்த 5.5ஐயே கீழ் எல்லையாக வைத்துக்கொண்டார்கள்.

புதிய வடிகால்

பெட்டியில் கிடந்த டிராப் பொருத்தப்பட்டது, நீர்ப்பூட்டு 100 மில்லிமீட்டர். அங்கிருந்து 25 மில்லிமீட்டர் பிவிசி, 40க்கு 1 என்ற சரிவில், மொத்த இறக்கம் 85 மில்லிமீட்டர். கிளாம்ப் 600 மில்லிமீட்டருக்கு ஒன்று. எல்போ இரண்டு மட்டும், ஒவ்வொன்றின் அருகிலும் கழற்றித் துலக்க ஒரு மூடி.

குழாய் முனை ஒரு திறந்த புனலுக்கு மேல் 30 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. புனலிலிருந்து அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கல் டப்பா, டப்பாவிலிருந்து ஃப்ளோர் டிராப். பலர் டப்பாவை முன்னும் இடைவெளியைப் பின்னும் வைப்பார்கள். அப்படி வைத்தால் டப்பா அடைக்கும்போது நீர் ஹீட்டருக்குள்ளேயே பின்னேறும். இடைவெளி முன்னால் இருந்தால் புனல் வழிந்து தரையில் தெரியும். ஈரமான தரை ஒரு தொல்லைதான், ஆனாலும் இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிகிறது. ஏர்கோனோ சாக்கடை வாயுவோ ஹீட்டர் பக்கம் எதையும் உறிஞ்சவோ தள்ளவோ முடியாததும் அந்த 30 மில்லிமீட்டரால்தான்.

டப்பாவில் 10 முதல் 15 மில்லிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புக்கல் ஜல்லி 1.5 கிலோ. நீர் அடியில் புகுந்து மேலே வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடிவிடும். கரியமில வாயு வெளியேற மூடியில் சிறு துளை வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கருங்கல் ஜல்லி வாங்கிவிடக் கூடாது, அது அமிலத்தோடு சேராது. ஒரு கல்லின் மேல் வினிகர் சொட்டுவிட்டால் நுரைக்க வேண்டும். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நன்றாக நுரைத்தது. தூளைக் கழுவிய பிறகே நிரப்பினார்கள்.

ரிலீஃப் வால்வுக்குத் தனியாக 22 மில்லிமீட்டர் செம்புக் குழாய், இடையில் வால்வு ஏதும் இல்லாமல், தரைக்கு 150 மில்லிமீட்டர் மேலே கண்ணில் படும்படி முடிகிறது. 8 லிட்டர் விரிவுக் கலன் சேர்த்தபின் அது சொட்டுவது நின்றது. ஏர்கோன் பழைய வழியிலேயே போகிறது, அதற்கும் 50 மில்லிமீட்டர் பூட்டுள்ள வளைவு போட்டு, தொங்கிய குழாயை மாற்றினார்கள். குழி விழுந்த செம்பு வெட்டி மாற்றப்பட்டது. பயன்பாட்டு அறையிலும் மேல்கூடத்திலும் தலா ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஐரோப்பியத் தரத்து வீட்டு அலாரம் 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடம் கழித்தே கூவும், 30 பிபிஎம்மில் இரண்டு மணி நேரம்வரை கூவவே கூவாது. அன்று கண்ட 14 பிபிஎம்முக்கு அது பேசாது. குழாயைச் சரியாகப் போட்டால்தான் அலாரம் துணை நிற்கும், அது குழாய்க்கு மாற்று அல்ல.

இயக்கிப் பார்த்தது

கேஸ் திறக்குமுன் டிராப்பில் தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் சொட்டும்வரை நிரப்பினார்கள். காலி டிராப்போடு ஹீட்டரைத் தொடங்குவதே புகை உள்ளே வர எளிய வழி. பிறகு வடிகால் முனையில் 2 லிட்டரை ஐந்து நிமிடத்தில் ஊற்றினார்கள், புனல் வழியவில்லை. எரிதலைச் சரிசெய்தபின் புகைக்குழாயில் 80 பிபிஎம். முழுச் சுமையில் 20 நிமிடம் ஓடியபோது குவளையில் 1 லிட்டர் சேர்ந்தது, பிஎச் 3.5. டப்பாவைக் கடந்தபின் 6.8. ஏர்கோன் முழு வேகம், கதவுகள் சாத்தியவை, காற்றுவாயில் 0 பிபிஎம்.

தொடர்ந்த மாதங்கள்

மூன்றாம் மாதம் டப்பாவின் வெளியே பிஎச் 6.5. ஆறாம் மாதம் 5க்கு இறங்கியது. கல் தீர்ந்துவிட்டதா என்று திறந்து பார்த்தால் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மேலே வழவழப்பான ஒரு படலம், அடியில் தூள் இறுகிய அடுக்கு. கொட்டிக் கழுவிக் கலைத்து நிரப்பியதும் 6.6க்கு ஏறியது. இவ்வளவு குறைந்த அளவு நீர் ஓராண்டில் கரைக்கும் கல் மிகக் கொஞ்சம். கல்லின் மேற்பரப்பு மூடிக்கொள்வதுதான் சிக்கல். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கல் என்ற விதியை மாற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுதல் என்று வைத்தார்கள்.

ஏர்கோன் குழாய் ஒருமுறை மறுபடி பாசி பிடித்து அடைத்தது. தட்டு நிரம்பி ஏர்கோன் மட்டும் நின்றது, ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாற வேண்டியவை

பொருத்தும் நாளிலேயே பெட்டியைக் காலி செய்து, மிச்சமிருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏன் மிச்சம் என்று கேட்டிருந்தால் இந்த ஆய்வே எழுந்திருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் பொறுப்பாளர் செய்யக்கூடிய சோதனையும் அதுதான், தொழில் தெரிய வேண்டியதில்லை.

ரீசெட் பற்றிய அறிவிப்பு இப்போது ஹீட்டர் அருகே தமிழிலும் மலாயிலும் ஒட்டப்பட்டுள்ளது: ஒருமுறை அழுத்தலாம், மறுபடி நின்றால் கேஸ் வால்வை மூடிவிட்டு அழைக்க வேண்டும். ஒரே கூடத்தில் இருவருக்கு மேல் தலைவலி, குமட்டல் என்றால் ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, அன்றைக்கே மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு என்ற சந்தேகத்தைச் சொல்லி இரத்தச் சோதனை கேட்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஏர்கோன்காரர் செய்ததில் அவர் தொழிலளவில் பிழை காண்பது கடினம். அந்தக் குழாயில் ஹீட்டரும் சேர்ந்திருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்போது மூன்று குழாய்களிலும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. யார் வந்து எந்தக் குழாயை வெட்டினாலும், உறிஞ்சினாலும், ஊதினாலும் பயன்பாட்டு அறை நோட்டில் எழுதுகிறார்கள். அன்றே டிராப்பில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, புனலில் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஹீட்டர் ஓடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஹீட்டர் நின்றிருந்தாலும் இதே முறைதான்.